வங்கியைவிடக் கூடுதல் வட்டி... எங்கிருந்து வருகிறது? 'ஹை யீல்டு' பாண்ட் ஃபண்டில் பணம் போடும் முன் பெரம்பலூர், அரியலூர் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

அரியலூரில் சிமென்ட் ஆலை ஒன்றில் 30 வருடம் வேலை பார்த்த ஒருவர், 60 வயதில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 25 லட்சம் ரூபாய் கைக்கு வருகிறது. இரண்டு வருடத்தில் மகள் கல்யாணம். மகன் சிங்கப்பூரில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோ காலில் வருகிறார்.

"அப்பா, அத்தனையையும் பேங்க்ல போட்டு வைக்காதீங்க. குளோபல் ஹை யீல்டு பாண்ட் ஃபண்டுன்னு ஒண்ணு இருக்கு. ஒன்பது பர்சென்ட் வருமாம்."

"சரிப்பா... அந்தக் காசு எங்க போகுது? யாருக்குக் கடன் கொடுக்கறாங்க?"

மகனிடம் பதில் இல்லை. ஆப்பில் பச்சை நிறத்தில் மேலே ஏறும் ஒரு கோடு மட்டும் தெரிகிறது.

இது ஒரு கற்பனைக் குடும்பம்தான். ஆனால், அப்பா கேட்ட கேள்வி எல்லா வீட்டுக்கும் பொருந்தும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மொத்தமாகப் பணம் கைக்கு வரும் சந்தர்ப்பங்கள் பல உண்டு. சிமென்ட் ஆலை ஓய்வூதியப் பலன், சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு விற்ற நிலத்தின் பணம், சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போன வருடத்தின் லாபம், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் சேமிப்பு... செல்போனில் ஒரு ஆப் இருந்தால், இந்தப் பணம் உலகத்தின் எந்த மூலைக்கும் போக முடியும். போவது சுலபம். திரும்பி வருவது எப்படி என்பதுதான் கேள்வி.

முதலில், பாண்ட் என்றால் என்ன?

பாண்ட் என்பது கடன் பத்திரம். ஒரு நிறுவனமோ அரசாங்கமோ நம்மிடம் கடன் வாங்கிக்கொண்டு, 'இத்தனை வருடத்தில் அசலைத் தருகிறேன், அதுவரை வருடத்துக்கு இவ்வளவு வட்டி தருகிறேன்' என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம். கிராமத்தில் புரோநோட்டு எழுதி வாங்குவதைப் போலத்தான்.

கடன் வாங்குபவர் எவ்வளவு நம்பகமானவர் என்பதற்கு ரேட்டிங் நிறுவனங்கள் மதிப்பெண் கொடுக்கின்றன. இந்தியாவில் கிரிசில், இக்ரா, கேர் போன்றவை. உலக அளவில் எஸ் அண்ட் பி, மூடிஸ், ஃபிட்ச். மிக நல்ல மதிப்பெண் 'ஏஏஏ'. கடனைத் திருப்பித் தராமல் போனவர்களுக்கு 'டி'. எஸ் அண்ட் பி கணக்கில் 'பிபிபி மைனஸ்' வரை உள்ளவை முதலீட்டுத் தகுதி உள்ளவை. அதற்குக் கீழே இருப்பவைதான் 'ஹை யீல்டு', அதாவது அதிக வட்டி தரும் பத்திரங்கள். சந்தையில் இவற்றுக்கு 'ஜங்க் பாண்ட்' என்று இன்னொரு பெயரும் உண்டு. 'குப்பைப் பத்திரம்' என்று அர்த்தம். விளம்பரத்தில் முதல் பெயர்தான் இருக்கும்.

ஊரில் ஒருவருக்கு வங்கியே 9 சதவிகிதத்தில் கடன் கொடுக்கிறது. இன்னொருவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அதனால் அவர் மூன்று வட்டிக்கு வாங்குகிறார். கூடுதல் வட்டி தருவது அவருடைய பெருந்தன்மையால் அல்ல. குறைந்த வட்டிக்கு யாரும் அவரை நம்பவில்லை என்பதால். பெரிய கம்பெனிகளுக்கும், நாடுகளுக்கும் இதே கணக்குதான்.

9 சதவிகிதம் கைக்கு வரும்போது எவ்வளவு?

ஒரு ஃபண்ட் 100 கம்பெனிகளுக்குத் தலா 100 ரூபாய் கடன் கொடுப்பதாக எடுத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 ரூபாய். வட்டி 9 சதவிகிதம்.

அந்த வருடம் 4 கம்பெனிகள் கடனைக் கட்டவில்லை. வழக்கு, ஏலம் எல்லாம் முடிந்து ஒவ்வொன்றிலும் 100-க்கு 40 ரூபாய் திரும்பி வருகிறது. நஷ்டம் 240 ரூபாய். மீதி 96 கம்பெனிகள் கொடுத்த வட்டி 864 ரூபாய். 864-ல் 240 போனால் 624. ஃபண்ட் நிர்வாகச் செலவு ஒன்றரை சதவிகிதம் என்றால் 150 ரூபாய். மிச்சம் 474 ரூபாய். அதாவது 4.74 சதவிகிதம்! அதற்குப் பிறகு வரி வேறு.

பொருளாதாரம் மோசமாகி 10 கம்பெனிகள் கட்டாமல் போனால்? இதே கணக்கில் மிஞ்சுவது 10,000 ரூபாய்க்கு 60 ரூபாய்.

விளம்பரத்தில் சொல்லப்படும் 9 சதவிகிதம், எல்லோரும் ஒழுங்காகக் கடனைக் கட்டினால் கிடைப்பது. அது வாக்குறுதி அல்ல, எதிர்பார்ப்பு. நல்ல வருடங்களில் அது நடக்கவும் செய்யும். அதனால்தான் கடந்த இரண்டு, மூன்று வருட லாபத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். 2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, அமெரிக்க ஹை யீல்டு பாண்ட் குறியீடு ஒரே வருடத்தில் சுமார் 26 சதவிகிதம் விழுந்தது. அடுத்த வருடமே அது பெரிதாக எழுந்தது என்பதும் உண்மை. ஆனால், 2008 கடைசியில் மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்க வேண்டியிருந்தவருக்கு 2009-ன் லாபத்தால் பிரயோஜனம் இல்லை.

ஏப்ரல் 23, 2020: மூன்று லட்சம் பேருக்கு மூடப்பட்ட கதவு

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் நடந்த பெரிய உதாரணம் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன்.

கொரோனா ஊரடங்கு தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நேரம். 2020 ஏப்ரல் 23 அன்று இரவு, ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் மியூச்சுவல் ஃபண்ட் தன்னுடைய ஆறு கடன் ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தது. அவற்றில் இருந்த பணம் சுமார் 25,000 கோடி ரூபாய். முதலீட்டாளர்கள் 3 லட்சத்துக்கும் அதிகம். அடுத்த நாள் காலை யாராலும் ஒரு ரூபாயைக்கூட எடுக்க முடியவில்லை.

அந்த ஆறு ஃபண்டுகளின் பெயர்களைப் பாருங்கள். ஒன்று 'கிரெடிட் ரிஸ்க் ஃபண்ட்'. அதில் ரிஸ்க் உண்டு என்று பெயரே சொல்கிறது. ஆனால் மற்றவற்றில் 'அல்ட்ரா ஷார்ட் பாண்ட் ஃபண்ட்', 'லோ டியூரேஷன் ஃபண்ட்', 'ஷார்ட் டேர்ம் இன்கம் பிளான்' ஆகியவையும் இருந்தன. குறுகிய காலத்துக்குப் பணத்தை ஒதுக்கி வைக்கும் இடம் என்று நினைத்துப் பலர் போட்ட ஃபண்டுகள் இவை. உள்ளே இருந்ததோ, அதே வகையைச் சேர்ந்த மற்ற ஃபண்டுகளைவிடக் கூடுதல் வட்டி தரும், ரேட்டிங் குறைவான பத்திரங்கள். பல வருடம் கூடுதல் லாபம் வந்ததற்கும் அதுதான் காரணம். மாட்டிக்கொண்டதற்கும் அதுதான் காரணம்.

எப்படி மாட்டியது? 2018-ல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனம் கடனைக் கட்டாமல் விழுந்தது. 2019-ல் டிஹெச்எஃப்எல். அதிலிருந்தே ரேட்டிங் குறைவான பத்திரம் என்றால் சந்தையில் வாங்க ஆள் குறைந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் முதலீட்டாளர்கள் கூட்டமாகப் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள். ஃபண்ட் பணம் கொடுக்க வேண்டுமென்றால் பத்திரங்களை விற்க வேண்டும். வாங்கத்தான் ஆள் இல்லை.

பெரம்பலூர்ப் பக்கம் இதைப் புரியவைக்க வெங்காயப் பட்டறை போதும். விலை வரட்டும் என்று சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைக்கிறார்கள். ஒருவர் மட்டும் பட்டறையைப் பிரித்து விற்றால் நல்ல விலை. மழை வரப்போகிறது என்று ஊரே ஒரே நாளில் பிரித்தால்? வியாபாரி சொன்னதுதான் விலை. சில நாள் வியாபாரியே வரமாட்டார். வெங்காயம் இருக்கிறது, மதிப்பும் இருக்கிறது. ஆனால், அன்றைக்குக் கையில் காசு இல்லை. நிதி உலகில் இதற்கு 'லிக்விடிட்டி ரிஸ்க்' என்று பெயர். கேட்ட நேரத்தில் பணமாக்க முடியாத ஆபத்து.

கோர்ட் படியேறிய முதலீட்டாளர்கள்

மூடப்பட்ட பிறகு வழக்குகள் வரிசை கட்டின. சென்னையைச் சேர்ந்த 'சென்னை ஃபைனான்ஷியல் மார்க்கெட்ஸ் அண்ட் அக்கவுன்டபிலிட்டி' என்ற அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேறு உயர் நீதிமன்றங்களிலும் வழக்குகள் இருந்ததால், உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. முதலீட்டாளர்களின் சம்மதம் இல்லாமல் ஃபண்டை மூட முடியாது என்று 2020 அக்டோபர் 24 அன்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 டிசம்பர் கடைசியில் முதலீட்டாளர்களிடம் ஆன்லைனில் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையினர் மூடுவதற்குச் சம்மதித்தார்கள். பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை எஸ்பிஐ மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனத்திடம் உச்ச நீதிமன்றம் ஒப்படைத்தது.

முதல் தவணையாக 9,122 கோடி ரூபாய் முதலீட்டாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது 2021 பிப்ரவரியில். கதவு மூடி பத்து மாதத்துக்குப் பிறகு! அதன் பின் தவணை தவணையாகப் பணம் வந்தது. கடைசியில் மூடியபோது இருந்த மதிப்பைவிடக் கூடுதலாகவே மொத்தப் பணமும் திரும்பியது.

'அப்புறம் என்ன, பணம்தான் வந்துவிட்டதே?' என்று தோன்றும். ஆனால், அந்தப் பத்து மாதங்கள் எவை என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கொரோனா முதல் அலை, வேலை இழப்பு, சம்பள வெட்டு, ஆஸ்பத்திரிச் செலவு. தேவைப்பட்ட நாளில் கைக்கு வராத பணம், வட்டியோடு பிறகு வந்தாலும் அந்த நாளின் தேவையைத் தீர்க்காது.

2021 ஜூனில் செபி இந்த விவகாரத்தில் உத்தரவு போட்டது. 5 கோடி ரூபாய் அபராதம், வாங்கிய நிர்வாகக் கட்டணத்தை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும், இரண்டு வருடம் புதிய கடன் ஃபண்ட் தொடங்கக் கூடாது என்பவை அதில் இருந்தன. நிறுவனம் மேல்முறையீடு செய்து உத்தரவின் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை பெற்றது.

அமெரிக்காவிலும் இதே கதை

இந்தக் கதவு மூடும் கதை அமெரிக்காவில் இதற்கு நான்கு வருடங்களுக்கும் முன்பே நடந்தது. 2015 டிசம்பரில் 'தேர்டு அவென்யூ ஃபோகஸ்டு கிரெடிட் ஃபண்ட்' என்ற ஜங்க் பாண்ட் ஃபண்ட், பணம் எடுப்பதை நிறுத்திவிட்டது. அப்போது அதில் இருந்தது 78.8 கோடி டாலர். உலகத்தின் மிகப் பெரிய பாண்ட் சந்தை உள்ள நாட்டிலேயே, வாங்க ஆள் இல்லை என்று ஒரு ஃபண்ட் கையை விரித்தது. 'இந்தியாவில்தான் பிரச்னை, வெளிநாட்டு ஃபண்ட் என்றால் பாதுகாப்பு' என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'குளோபல்' என்றால் இன்னும் மூன்று ஆபத்துகள்

ஹை யீல்டு என்பதற்கு முன்னால் 'குளோபல்' என்ற வார்த்தை சேரும்போது, பணம் பல நாடுகளுக்குப் பிரிந்து போகிறது. ஒரு நாடு விழுந்தால் இன்னொன்று காப்பாற்றும் என்பது இதன் நல்ல பக்கம். கூடவே புதிய ஆபத்துகளும் வருகின்றன.

*ஒன்று, தெரியாத ஊரின் கடன்.* சீனாவின் எவர்கிராண்டே ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு 30,000 கோடி டாலருக்கும் மேல் கடன் இருந்தது. அப்போது ஆசிய ஹை யீல்டு ஃபண்டுகள் பலவற்றில் சீன ரியல் எஸ்டேட் பத்திரங்களுக்குப் பெரும்பங்கு இருந்தது. 2021 டிசம்பரில் எவர்கிராண்டே கடன் கட்டத் தவறியதாக ஃபிட்ச் அறிவித்தது. 2024 ஜனவரியில் அதைக் கலைக்க ஹாங்காங் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரியலூரில் இருந்துகொண்டு ஷென்சென் நகரத்தில் கட்டி முடியாத அடுக்குமாடி வீடுகளை யாரால் போய்ப் பார்க்க முடியும்?

கம்பெனி மட்டுமல்ல, நாடும் கடன் கட்டாமல் போகலாம். 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை அரசு, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்த நாட்டின் வரலாற்றில் அதுதான் முதல் முறை. பெட்ரோல் வரிசையில் நின்ற மக்களின் படங்களைத்தான் நாம் செய்தியில் பார்த்தோம். அதே நேரத்தில், கூடுதல் வட்டிக்காக இலங்கையின் டாலர் பத்திரங்களை வாங்கியிருந்த உலக ஃபண்டுகளும் மாட்டிக்கொண்டன. அந்தப் பத்திரங்களை மாற்றியமைக்கும் வேலை முடிய 2024 டிசம்பர் வரை ஆனது.

*இரண்டு, டாலர் விலை.* ரூபாய் மதிப்பு குறைந்தால் வெளிநாட்டு ஃபண்டில் போட்டவருக்கு லாபம். நீண்ட காலமாக அப்படித்தான் நடந்துவருகிறது. ஆனால், எல்லா வருடமும் அப்படி இல்லை. 2007 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 44 ரூபாய். அந்த வருட முடிவில் சுமார் 39.40 ரூபாய். அப்போது ஒருவர் 10 லட்சம் ரூபாயை டாலராக மாற்றிப் போட்டு, 7 சதவிகித லாபமும் பார்த்து, வருடக் கடைசியில் ரூபாயாக மாற்றியிருந்தால் கைக்கு வந்திருப்பது சுமார் 9 லட்சத்து 58 ஆயிரம். ஃபண்ட் லாபம் சம்பாதித்தது, முதலீட்டாளருக்கு நஷ்டம்!

*மூன்று, உலக வட்டி விகிதம்.* வட்டி விகிதம் ஏறினால் பழைய பாண்டுகளின் விலை இறங்கும். புதிதாக 8 சதவிகித பாண்ட் கிடைக்கும்போது பழைய 6 சதவிகித பாண்டை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்? ஃபண்டின் 'டியூரேஷன்' 4 வருடம் என்று போட்டிருந்தால், வட்டி ஒரு சதவிகிதம் ஏறும்போது ஃபண்டின் மதிப்பு ஏறக்குறைய 4 சதவிகிதம் இறங்கும் என்று புரிந்துகொள்ளலாம். 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை வேகமாக ஏற்றியபோது, உலகம் முழுக்க பாண்ட் ஃபண்டுகள் அடிவாங்கியது இதனால்தான்.

சிங்கப்பூர் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு, 'மாதா மாதம் பணம் தரும் ஃபண்ட்' என்று சொல்லி விற்கப்படும் திட்டங்களில் ஹை யீல்டு பாண்ட் ஃபண்டுகளும் உண்டு. இவற்றில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். 'வருமானம் போதாதபோது முதலில் இருந்து கொடுக்கப்படலாம்' என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

10 லட்சம் போடுகிறோம். வருடத்துக்கு 8 சதவிகிதம், அதாவது 80,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஃபண்ட் உண்மையில் சம்பாதித்தது 5 சதவிகிதம், 50,000 ரூபாய்தான். மீதி 30,000 நம்முடைய அசலில் இருந்து எடுத்து நம்மிடமே கொடுத்தது. வருடக் கடைசியில் ஃபண்டில் இருப்பது 9,70,000. விதை நெல்லை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுவதைப் போலத்தான் இது.

சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஹைஃப்ளக்ஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும். தண்ணீர் சுத்திகரிப்பு நிறுவனம். ஊரில் நல்ல பெயர். 2016-ல் 6 சதவிகித வட்டிக்கு முதிர்வுத் தேதியே இல்லாத பத்திரங்களை வெளியிட்டபோது சாதாரண மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். 2018 மே மாதம் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. சுமார் 34,000 சிறு முதலீட்டாளர்களின் 90 கோடி சிங்கப்பூர் டாலர் மாட்டியது. 2021-ல் நிறுவனமே கலைக்கப்பட்டது. அரசாங்கம் கண்டிப்பாக இருக்கும் ஊர் என்பதால் முதலீடும் பத்திரமாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை.

வங்கியில் விற்றாலும் எஃப்.டி ஆகிவிடாது

நம் ஊரில் இன்னொரு நம்பிக்கை, 'பேங்க் மேனேஜர் சொன்னார்' என்பது. யெஸ் வங்கி கதை இதற்குப் பாடம். அந்த வங்கியின் 'ஏடி-1' என்ற கூடுதல் வட்டிப் பத்திரங்களில் 1,300-க்கும் மேற்பட்ட தனிநபர்கள் பணம் போட்டிருந்தார்கள். பெரும்பாலானோர் அதே வங்கியின் வாடிக்கையாளர்கள். 2020 மார்ச்சில் வங்கியைக் காப்பாற்றும் திட்டத்தின்போது சுமார் 8,400 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்தப் பத்திரங்கள் பூஜ்யமாக்கப்பட்டன. வங்கியில் டெபாசிட் போட்டவர்கள் தப்பினார்கள். பத்திரம் வாங்கியவர்கள் இழந்தார்கள். ஆபத்தைச் சரியாகச் சொல்லாமல் விற்றதாகக் கூறி 2021 ஏப்ரலில் செபி அந்த வங்கிக்கு 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பத்திரங்களை ரத்து செய்தது செல்லாது என்று 2023 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் சொல்ல, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஒரே கவுன்ட்டரில் வாங்கினாலும் எஃப்.டி வேறு, பாண்ட் வேறு, ஃபண்ட் வேறு. எஃப்.டி-க்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பாண்ட் ஃபண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் காப்பீடு கிடையாது.

சட்டப்படி சரி என்றால் பாதுகாப்பா?

தமிழ்நாட்டு மக்களுக்கு அதிக வட்டி என்றதும் ஆருத்ரா கோல்டு போன்ற வழக்குகள் ஞாபகத்துக்கு வரும். மாதம் 25 முதல் 30 சதவிகிதம் வரை தருவதாகச் சொல்லி சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாக, பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் அந்த நிறுவனத்தின் மீது வழக்கு நடத்துகிறார்கள். அதற்கும் ஹை யீல்டு பாண்ட் ஃபண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஃபண்டுகள் சட்டப்படி நடப்பவை. கணக்கு காட்டுபவை. செபியின் கண்காணிப்பில் இருப்பவை.

ஆனால், இங்கேதான் ஒரு வழுக்கல் இருக்கிறது. சீட்டுக் கம்பெனியில் சூடுபட்டவர், 'இது செபி பதிவு பெற்றது, அதனால் பயமில்லை' என்று நம்பிவிடுகிறார். செபி பார்ப்பது, ஃபண்ட் விதிப்படி நடக்கிறதா என்பதை. லாபம் வரும் என்று செபி உத்தரவாதம் தருவதில்லை. லைசென்ஸ் உள்ள பஸ்ஸும் விபத்தில் சிக்கலாம்.

மாதம் 1,667 ரூபாய்க்காக...

முதலில் பார்த்த அரியலூர் அப்பாவிடம் திரும்பி வருவோம். அவருக்கு வயது 60. தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 2025-ல் அதன் வட்டி 8.2 சதவிகிதம். மத்திய அரசின் திட்டம். போடும்போது இருக்கும் வட்டி 5 வருடத்துக்கு மாறாது. 25 லட்சத்துக்கு வருடம் 2,05,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 51,250 ரூபாய் கணக்கில் வந்து விழும்.

ஹை யீல்டு ஃபண்ட் சொன்னபடியே 9 சதவிகிதம் தந்தால் வருடம் 2,25,000. வித்தியாசம் 20,000 ரூபாய். மாதத்துக்கு 1,667 ரூபாய். இந்த 1,667 ரூபாய்க்காகத்தான் அவர் கம்பெனி மூழ்கும் ஆபத்து, நாடு மூழ்கும் ஆபத்து, டாலர் ஆபத்து, கதவு மூடும் ஆபத்து எல்லாவற்றையும் தோளில் ஏற்றிக்கொள்ளப் பார்க்கிறார். இரண்டுக்கும் வருமான வரி உண்டு. ஃபண்டில் வரும் லாபமும் அவரவர் வருமான வரம்புப்படி வரிக்கு உட்பட்டதுதான்.

மகள் கல்யாணத்துக்கு இரண்டு வருடத்தில் தேவைப்படும் தொகையை மட்டும் தனியாகப் பிரித்து, இரண்டு, மூன்று வங்கிகளில் எஃப்.டி-யாகப் போட்டுக்கொள்ளலாம். மீதியைச் சேமிப்புத் திட்டத்தில் வைக்கலாம்.

அப்படியென்றால் ஹை யீல்டு ஃபண்ட் யாருக்கு? நிரந்தர வருமானம் உள்ளவர், அவசரத் தேவைக்குத் தனியாகப் பணம் வைத்திருப்பவர், ஐந்து, ஏழு வருடம் தொடாமல் விட முடிந்தவர், 20 சதவிகிதம் விழுந்தாலும் தூக்கம் கெடாதவர், தன் சேமிப்பில் ஒரு சிறு பகுதியை வைத்துப் பார்க்கலாம். ஓய்வுக்காலப் பணம், நிலம் விற்ற பணம், கல்யாணப் பணம், படிப்புப் பணம் இதற்கானது இல்லை.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. பணம் யாருக்குக் கடனாகப் போகிறது? ஃபண்டின் மாதாந்தர அறிக்கையில் எந்தெந்தப் பத்திரங்கள், என்ன ரேட்டிங் என்ற பட்டியல் இருக்கும். பெயரைப் பார்க்காமல் பட்டியலைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 'கிரெடிட் ரிஸ்க்' வகை ஃபண்ட் என்றால், குறைந்தது 65 சதவிகிதம் 'ஏஏ' அல்லது அதற்கும் கீழான பத்திரங்களில் இருக்க வேண்டும் என்பதே விதி.

2. ரிஸ்க் மீட்டர் எங்கே நிற்கிறது? 'மிக அதிகம்' வரை ஆறு படிகள் உண்டு. முள் எந்தப் படியில் நிற்கிறது என்று விற்பவரிடமே காட்டச் சொல்லுங்கள்.

3. டியூரேஷன் எத்தனை வருடம்? செலவு விகிதம் எவ்வளவு? இரண்டும் அதே அறிக்கையில் இருக்கும்.

4. மாதா மாதம் வரும் பணம் வருமானமா, அசலா? எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. மோசமான வருடத்தில் எவ்வளவு விழுந்தது? நல்ல வருடத்தின் லாபத்தை யாரும் கேட்காமலே சொல்வார்கள். 2008, 2020, 2022-ல் என்ன ஆனது என்று கேட்க வேண்டும்.

6. வெளிநாட்டு ஃபண்ட் நேரடியாக வாங்கினால் கணக்கு காட்டத் தயாரா? இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கி விதிப்படி வருடத்துக்கு 2.5 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். ஆனால், வருமான வரிக் கணக்கில் அதை வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும். மறந்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் வரை போகலாம்.

ஃபண்ட் விற்றவர் தவறாகச் சொல்லி விற்றார் என்றால், செபியின் 'ஸ்கோர்ஸ்' இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப்பில் 'குளோபல் பாண்ட்' என்று சொல்லி யாராவது தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது ஃபண்டே இல்லை, மோசடி. உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

அப்பாவின் கேள்வி

"அந்தக் காசு எங்க போகுது?"

30 வருடம் சிமென்ட் தூசியில் நின்று சம்பாதித்தவர் கேட்கும் இந்தக் கேள்விக்கு, பெரிய நிதிப் படிப்பு தேவையில்லை. ஊரில் யாருக்காவது ஆயிரம் ரூபாய் கைமாற்று கொடுப்பதற்கு முன்பே, 'ஆள் யாரு, எதுக்கு வாங்கறான், எப்பத் திருப்பித் தருவான்?' என்று கேட்டுப் பழகிய மண் இது. 25 லட்சத்தைக் கொடுக்கும்போது மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதற்கு, செல்போன் திரையில் தெரியும் ஒரு பச்சைக் கோடு காரணமாகிவிடக் கூடாது.

பதில் தெளிவாக வந்தால் யோசிக்கலாம். வரவில்லையென்றால், பணம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தபால் நிலையத்திலேயே இருக்கட்டும். மகள் கல்யாணத் தேதி குறிக்கும்போது அது கைக்கு வரும்!